உள்ளே ஒருவர்

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடலாம். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். தேதி இருக்கிறது. நேரம் இருக்கிறது. அச்சடித்த தாள் இருக்கிறது. 1999 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அதுவும் மண்டை பிளக்கும் வெயிலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் எவனோ, அவன் சன்னல் இல்லாத அறையைப் பார்த்ததில்லை.

பூமயிலுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. கடலாடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஓர் உப்பு ஆலையில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அவளுடைய அய்யா சின்னக்கருப்பன் அதே ஆலையின் பாத்திகளில் இருபது வருடம் உப்பு வாரியவர். பள்ளிக்கூட லீவில் அவளும் கூடை சுமந்தவள்தான். உள்ளங்காலில் அந்த வெடிப்பு இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட காலுக்குப் பேய்ப்பயம் கிடையாது. மேஸ்திரி பயம் ஒன்றுதான் தெரியும்.

ஆலையில் ஒரு பழைய மெயின்ஃப்ரேம் இருந்தது. நாலு பீரோவை ஒட்டி நிறுத்தியது போல் இருக்கும். எல்லாரும் அதைப் ‘பெரிய மிஷின்’ என்பார்கள். ஆயிரத்து எண்ணூறு தொழிலாளிகளின் பதிவும் அதற்குள்தான். வாசலில் காவலாளி ஓர் ஆளின் எண்ணைத் தட்டினால் ‘உள்ளே’ என்று பதிவாகும். போகும்போது தட்டினால் ‘வெளியே’ என்று மாறும். கம்ப்யூட்டர் அறையின் இரும்புக் கதவுக்கும் அதே மிஷின்தான் எசமான். உள்ளே என்று பதிவான ஆள் தன் எண்ணை அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

அந்த வருடம் உலகம் முழுக்க இருந்த தலைவலி இங்கேயும் இருந்தது. பழைய ப்ரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான். 99 முடிந்தால் 00. மிஷின் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் வருடத்தை நாலு இலக்கமாக நீட்ட வேண்டும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. மாற்றம் ஓடும்போது ‘உள்ளே இருப்பவர்’ பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆள் பழைய பதிவில் நுழைந்து, புதிய பதிவில் வெளியேற வழியில்லாமல் நடுவில் தொங்குவான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை. ஆலைக்கு விடுமுறை. திங்கள் காலை ஆறு மணி ஷிப்டுக்குள் முடித்தாக வேண்டும்.

முந்தின வாரம் பழைய ப்ரோகிராமைத் துப்புரவு செய்தபோது அவள் ஒரு வரியைக் கண்டாள். ‘0417 வந்தால் எண்ணாதே, தாண்டிப் போ.’ பக்கத்தில் ஒரு குறிப்பு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ‘இதை எடுக்காதே. வீ.’

வீ என்றால் வீரபத்திரன். அவளுக்கு முன்னால் அந்த மிஷினைப் பார்த்துக்கொண்டவர். அவள் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பழைய ப்ரோகிராம் எதைத் தோண்டினாலும் இப்படி நாலு வரி கிடக்கும். எழுதியவனுக்கே காரணம் மறந்திருக்கும்.

அவள் அதை எடுத்துவிட்டாள்.

ஞாயிறு பகல் 12.40. பூமயில் ஆலை வாசலுக்கு வந்தாள். காவலாளி உக்கிரபாண்டி பீடியைக் காலில் போட்டு மிதித்தார்.

“என்ன தாயி, ஞாயித்துக்கெழமயும் விடமாட்டியா? ஒன் வளையச் சத்தம் கேட்டாத்தான் மிஷினு கண்ணு முழிக்குமாக்கும்?”

அவளுக்கு இரண்டு கைக்கும் டஜன் கண்ணாடி வளையல். பச்சை. எழுத்துப் பலகையில் தட்டும்போது கலகலவென்று கேட்கும். ஆலை முழுக்க அது கேலிதான்.

அறைக்குள் போனாள். இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. 1.05க்கு வாசலுக்குப் ஃபோன் போட்டாள்.

“அண்ணே, என்னைய வெளியன்னு போட்டுருங்க. நான் ஒருத்தி உள்ள இருந்தாலும் மிஷினு ஓடாது.”

“உள்ள இருக்கவள வெளியன்னு போடவா? எமலோகத்துல கூட அப்படி எழுதமாட்டாகளே.”

“போடுங்கண்ணே. முடிச்சுட்டுச் சொல்றேன். திரும்ப உள்ளன்னு மாத்திவிட்டா வந்துருவேன்.”

“வராட்டி?”

“வராட்டி எனக்கும் சேத்து டீ குடிச்சிருங்க.”

இது எல்லாரும் செய்கிற வேலைதான். அந்தப் பிரிவில் பரம்பரைப் பழக்கம். உக்கிரபாண்டி சிரித்துக்கொண்டே தட்டினார். 2206, பூமயில், வெளியே.

1.10. அவள் எண்ணிக்கையைக் கேட்டாள். பூச்சியம் வர வேண்டும்.

உள்ளே: 1.

எண் 0417. பெயர் இல்லை. நுழைந்தது 14-08-83, 14.10. வெளியேறிய நேரம் காலி.

பதினாறு வருடமாக ஓர் ஆள் உள்ளேயே இருக்கிறானாம். அவள் சிரித்துவிட்டாள். இதை மறைக்கத்தான் கிழவர் அந்த வரியை எழுதியிருக்கிறார். பிழையைத் திருத்தாமல் மேலே சாக்கைப் போட்டு மூடிய வேலை. 0417ஐக் கையாலேயே ‘வெளியே’ என்று மாற்றினாள். எண்ணிக்கை பூச்சியம். 1.22க்கு மாற்றத்தை ஓடவிட்டாள்.

பச்சை எழுத்துகள் ஏறின. நூறு பதிவு… இருநூறு… மிஷினின் வட்டுகள் உறுமின. ஏசி காற்று முதுகில் அடித்தது.

1.50க்கு ஒரு தும்மல் வந்தது. அடுத்து இன்னொன்று. மூக்கில் காரமாக ஒரு நெடி. மூக்குப்பொடி. தூசி இல்லாத அந்த அறையில், செருப்பைக் கூடக் கழற்றிவிட்டு வருகிற அந்த அறையில், மூக்குப்பொடி எங்கிருந்து வரும்?

சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை.

டொக்… டொக்… டொக்.

தகர டப்பாவை விரலால் தட்டுவது போல. மிஷினுக்குப் பின்னாலிருந்து. மூன்று தட்டு. பிறகு அமைதி.

வட்டு ஏதோ முட்டுகிறது என்று எண்ணிக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்த்தாள். வட்டுகள் ஒழுங்காகத்தான் சுற்றின.

2.10. மிஷின் நின்றது.

உள்ளே: 1. எண் 0417.

அவள் மாற்றிய ‘வெளியே’ காணவில்லை. விசைகளைத் தட்டிப் பார்த்தாள். எதையும் ஏற்கவில்லை. அப்போது ஏசியும் நின்றது. காற்று அடங்கியதும்தான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

சரி, போதும், வெளியே போய்விடலாம். கதவுக்குப் போய் 2206 அழுத்தினாள். சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினாள். சிவப்பு.

அவள் வெளியே இருப்பதாகத்தான் பதிவு. வெளியே இருப்பவள் எப்படி வெளியே வருவாள்?

வாசலுக்குப் ஃபோன் போட்டாள். மணி போனது. எடுத்தார்.

“அண்ணே, என்னைய உள்ளன்னு மாத்துங்க. சீக்கிரம்.”

“யாரு?”

“பூமயில்ணே.”



“பூமயிலு அப்பவே வெளிய போயிருச்சே. நீ யாரு?”

“அண்ணே, வெளாடாதிய… மூச்சு முட்டுது…”

“நீ யாரு?”

உக்கிரபாண்டி குரல்தான். ஆனால் சிரிப்பு இல்லை. பிறகு ஃபோனில் ஒன்றும் இல்லை. கொய் என்ற சத்தம்கூட இல்லை.

கதவை அடித்தாள். நாலு விரற்கடைக் கனமுள்ள இரும்பு. அவள் அடித்தது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்தினாள். அறை அந்தக் கத்தலைத் தின்றுவிட்டது.

3.00.

3.30. சேலை நனைந்து ஒட்டியது. தரையில் உட்கார்ந்தாள். பலகைத் தரையின் சந்துகளில் கொஞ்சம் குளுமை இருந்தது. குனிந்து அதில் மூச்சு வாங்கினாள். பாத்தியில் மயங்கி விழுந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். விழுந்தவரைத் தூக்க அங்கே நாலு பேர் இருப்பார்கள். இங்கே யாரும் இல்லை.

டொக்… டொக்… டொக்.

மிஷினுக்குப் பின்னால் இல்லை. இப்போது பக்கவாட்டில்.

4.05. டொக்… டொக்… டொக்.

மேசைக்கு அருகில்.

4.30. அவள் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ அதிலிருந்து எழுந்தது போல.

4.40. நெடி. மிகக் கிட்டத்தில். அவளுடைய வலது தோளுக்கு மேலே… ஒரு மூச்சு. வயதானவர் மூச்சு. கனைத்தது.

அவள் திரும்பவில்லை.

டொக்.

டொக்.

டொக்.

கதவில்.

4.52. பச்சை விளக்கு எரிந்தது.

கதவு திறந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை. நெடி அவளைத் தாண்டிப் போனது. அதன் பின்னாலேயே பாய்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அச்சு இயந்திரம் கரகரவென்று எதையோ அடித்தது. கதவு சாத்திக்கொண்டது.

உக்கிரபாண்டி வாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னும் ஃபோனே வரலையேன்னு பாத்தேன்” என்றார். 1.05 ஃபோனுக்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை என்று தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்.

பேருந்தில் கம்பியைப் பிடித்தபோதுதான் கவனித்தாள். இரண்டு கையிலும் ஒரு வளையல்கூட இல்லை. உடைந்த சில்லு இல்லை. கீறல் இல்லை. இறுக்கமான வளையல்கள், சோப்புப் போட்டால்தான் கழலும்.

மறுநாள் காலை அச்சு இயந்திரத்தில் தாள் தொங்கியது. மாற்றம் முழுதாக முடிந்திருந்தது. கடைசியில் இரண்டு வரி.

0417, வெளியே, 16.52.

2206, உள்ளே, 16.52.

செவ்வாய்க்கிழமை கடலாடியில் வீரபத்திரன் வீட்டைத் தேடிப் போனாள். வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பாண்டியம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

“எப்பம்மா?”

“ஞாயித்துக்கெழம. அஞ்சு மணி அடிக்க எட்டு நிமிசம்.”

பூமயில் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பாண்டியம்மாள் தானாகவே பேசினாள்.

“பதினாறு வருசமா வீட்டுல ஒரு கதவச் சாத்தவிட மாட்டாரும்மா. மழையோ குளிரோ… தொறந்தே கெடக்கணும். ஒருநா ஆபீசுல ஏதோ மாத்துறதுக்காக வாச்மேன்கிட்ட தன்னைய வெளியன்னு போடச் சொல்லிட்டு உள்ள ஒக்காந்தாராம். கதவு தொறக்கலையாம். அப்புறம் தொறந்துச்சாம். ‘எல்லாரும் நான் வந்துட்டேன்னு நெனைக்காக. நான் இன்னும் உள்ளதான்டி இருக்கேன்’ம்பாரு. கிறுக்குன்னு விட்டுட்டோம். அன்னைக்கி படுத்த படுக்கையில கெடந்த மனுசன் எந்திரிச்சு ஒக்காந்தாரு. பொடி டப்பாவ எடுத்து மூணு தட்டு தட்டுனாரு. ‘கதவு தொறந்துருச்சு’ன்னாரு. அம்புட்டுத்தான்.”

“அவரு நம்பர் என்னம்மா?”

பாண்டியம்மாள் டப்பாவை எடுத்து நீட்டினாள். மூடியில் ஆணியால் கீறியிருந்தது. 0417.

அதற்குப் பிறகு தினமும் ஆலை காலியானதும் எண்ணிக்கை ஒன்று காட்டியது. 2206. பூமயில் வெளியே என்று மாற்றுவாள். காலையில் பார்த்தால் உள்ளே இருக்கும். மேலாளர் கத்தினார். கடைசியில் அவளும் அதே வரியைத்தான் எழுதினாள். ‘2206 வந்தால் எண்ணாதே, தாண்டிப் போ.’ டிசம்பரில் வேலையை விட்டாள்.

பத்து வருடம் ஓடியது. 2009 ஜூன் 21. ஞாயிறு. ராமநாதபுரத்தில் தன் ஜெராக்ஸ் கடையில் கதவு திறந்திருக்க உட்கார்ந்திருந்தாள். பகல் 2.15க்குப் ஃபோன் வந்தது.

“பூமயில் அக்காவா? நான் மஜீதா, தேவிபட்டினம். உங்க பழைய ஆபீசுலருந்து பேசுறேன். பெரிய மிஷின்ல உள்ள பதிவெல்லாம் புது மிஷினுக்கு மாத்துறோம். ஒரு வரி இருந்துச்சுக்கா. 2206ன்னு. பழைய பதிவுல அது உங்க நம்பருன்னு இருக்கு. தேவையில்லன்னு எடுத்துட்டேன். அதுலருந்து…”

“கதவு தொறக்கலையா?”

“…ஆமாக்கா.”

“வாச்மேன்கிட்ட ஒன்னைய வெளியன்னு போடச் சொன்னியா?”



“எப்படிக்கா தெரியும்?” குரல் இறங்கியது. “யா அல்லாஹ்… அக்கா, உள்ள யாரோ இருக்காக. வளையச் சத்தம் கேக்குது.”

பூமயில் தன் கையைப் பார்த்தாள். பத்து வருடமாக வெறும் கை.

அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, பூமயிலுக்கும் கேட்டது. ஃபோனுக்குள், தூரத்தில். கலகல… கலகல.

பேசாமல் இருந்திருந்தால் உள்ளே மாட்டிய அந்தப் பூமயில் வெளியே வந்திருப்பாள், மஜீதா உள்ளே மாட்டியிருப்பாள். அது அவளுக்குத் தெரியும். வீரபத்திரன் வெளியே வந்த நிமிடமும் செத்த நிமிடமும் ஒன்றுதான் என்பதும் அவளுக்குத் தெரியும். நல்லவள் என்பதால் சொன்னாள் என்று எழுதினால் அது பொய். சாகப் பயந்துதான் சொன்னாள்.

“அந்த வரிய இருந்தபடியே திரும்பப் போடு. விசை ஏத்துக்கிடுதா?”

“ஏத்துக்கிடுது…”

“போடு. என் நம்பரத் தொடாத.”

தட்டும் ஓசை. கலகல… கலகல… கிட்டத்தில். மிகக் கிட்டத்தில். பிறகு ஒரு ‘டக்’. கதவு. ஓடுகிற கால் சத்தம்.

மஜீதா பிழைத்தாள். அடுத்த மாதம் பெரிய மிஷினை நிறுத்தி, உடைத்து, எடைக்குப் போட்டார்கள். லாரி எந்த ஊருக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுத்துமுன் எடுத்த கடைசிப் பட்டியலின் ஒரு தாளை மஜீதா தபாலில் அனுப்பியிருந்தாள். பூமயில் அதை இன்னும் வைத்திருக்கிறாள்.

2206. உள்ளே. 12-09-1999, 16.52.

அதற்கு அடுத்த கட்டம் வெளியேறும் நேரத்துக்கு. காலியாக இருக்கிறது. அதை நிரப்ப இனி மிஷின் இல்லை.