பீலியில் கட்டிய வெள்ளைத் துணி

அட்டனில் என் வீட்டுச் சமையலறைக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நகரத்துத் தண்ணீர் மருந்து வாடையோடு தெளிவாகத்தான் வருகிறது, வடிகட்ட அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் துணி இல்லாத குழாய் எனக்குத் தலை வாராமல் நிற்கிற பிள்ளை மாதிரி தெரியும். இது அத்தையிடமிருந்து தொற்றிய பழக்கம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். தனி ஆள், துணைக்கு ஒரு பசு. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, பீலி என்று நாங்கள் சொல்லும் லயத்துப் பொதுக்குழாயின் வாயால் கொட்டும். குடிப்பது, குளிப்பது எல்லாம் அதில்தான். பீலியின் வாயில் பழைய வேட்டித் துண்டைக் கட்டும் பொறுப்பை அத்தை தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் துணியில் செம்மண் படியும். அவிழ்த்து, சவர்க்காரம் போட்டு வெளுத்து, மறுபடி கட்டுவார். மாரியம்மன் திருவிழாவில் குடத்தில் தண்ணீர் எடுத்துக் கரகம் பாலிக்கவும் அந்த ஊற்றுக்குத்தான் போவோம். அப்படிப்பட்ட தண்ணீரைக் காய்ச்சுவதென்றால் அவருக்குப் பொறுக்காது. "காய்ச்சுனா தண்ணி செத்துரும். செத்த தண்ணிய எதுக்குக் குடிக்கணும்?" என்பார். ஆறவைத்துக் கொடுத்தாலும் ஒரு வாயிலேயே கண்டுபிடித்து முகத்தைச் சுளிப்பார்.

மழைக்காலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். பனி என்போம், கண்ணு பட்டது என்போம், திருநீறு போடுவோம். ஒரு மழைக்கு என் தங்கச்சி துவண்டு போனாள். கைப்பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போதெல்லாம் அவளை இடுப்பில் வைத்திருந்தது அத்தைதான். டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சேலைன் ஏற்றினார்கள்.

அந்த வாரமே சுகாதாரப் பரிசோதகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். துணியை அவிழ்த்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, வாயில் ஒட்டிய கிருமி சாக, பஞ்சில் நெருப்பு வைத்துப் பீலியின் வாயைச் சுட்டார். பிறகு சின்னப் போத்தலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தார். "பீலிக்குச் சூடு போடுறாரு பாரு" என்று லயமே கூடி வேடிக்கை பார்த்தது. அத்தை மட்டும் துணியைப் பிழிந்து மடியில் செருகிக்கொண்டார்.

மறுபடி வந்தபோது, தண்ணீரில் மலக்கிருமி இருப்பதாகச் சொல்லி எங்களையும் கூட்டிக்கொண்டு ஊற்றுக்கு ஏறினார். ஊற்றுக்குச் சற்று மேலே அத்தையின் மாட்டுப்பட்டி. மழையில் சாணி கரைந்து வடிந்த தடம் நேரே ஊற்றுக் குழிக்குள் இறங்கியிருந்தது. எத்தனையோ முறை நாங்கள் தாண்டிப் போன தடம்தான். "துணி மண்ணைத்தான் மறிக்கும் அம்மா, கிருமியை மறிக்காது" என்றார் அவர். யாரும் அத்தையைத் திட்டவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க ஒருவராலும் முடியவில்லை. "எம் புள்ளைக்கு இந்த நோவ நாந்தான் குடுத்தேனா?" என்று மட்டும் கேட்டார்.

பட்டியைக் கீழே இறக்க அவருக்கிருந்த ஒரே இடம், லயத்துக்குக் கீழே அவர் போட்டிருந்த மரக்கறித் தோட்டம். லீக்ஸும் கரட்டும் பாதிதான் வளர்ந்திருந்தன. மறுநாள் காலையில் அத்தனையையும் பிடுங்கினார். விரல் பருமன்கூட இல்லாத கரட்டுகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, அங்கே பட்டிக்குக் கம்பு நட்டார்.

தங்கச்சி தேறி வந்த பிறகு அத்தையின் அடுப்பில் முதலில் ஏறுவது தண்ணீர்ப் பானைதான். அவளுக்கும் எனக்கும் காய்ச்சிய தண்ணீரைத் தவிர வேறு கொடுத்ததில்லை. துணி கட்டுவதையும் விடவில்லை. கேட்டால், "மண்ணு நிக்குதுல்ல. மிச்சத்த அடுப்பு பாத்துக்கும்" என்பார்.

வயதாகிக் காய்ச்சலில் விழுந்திருந்த நாட்களில், "பீலித் தண்ணி பச்சையா ஒரு வாய் குடுங்கடி" என்று எங்களிடம் கெஞ்சினார். என் மனம் கேட்கவில்லை, எழுந்தே விட்டேன். தங்கச்சி முந்திக்கொண்டு குடத்தோடு போனாள். திரும்பி வந்தும் குசினி அடுப்படியில் வெகுநேரம் இருந்துவிட்டுத்தான் செம்பைக் கொண்டுவந்தாள். அத்தை ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து அவளைப் பார்த்தார்.

"காய்ச்சிட்டியா?"

தங்கச்சி தலையாட்டினாள்.

"நல்லாத்தான் வளத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்து முடித்தார்.

அத்தை இப்போது இல்லை. இன்றும் தாகம் எடுத்தால் என் நாக்கு கேட்பது அந்தப் பச்சைத் தண்ணீரைத்தான். தங்கச்சியைப் படுக்கையில் போட்டது அதுதான் என்று தெரிந்தும் கேட்கிறது. நான் குழாயின் துணியை வெளுத்துக் கட்டிவிட்டு, அடுப்பில் தண்ணீரை வைக்கிறேன்.