ஒரே ஒரு ‘புட்’, அறுநூற்று அறுபது அடி

பத்தாம் வகுப்பில் இங்கிலீசில் நான் வாங்கிய மார்க்கை இங்கே எழுதப் போவதில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறது. அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளி ஒருநாள் காலையில், "ஆப்பிரிக்காவுல இருந்து போர் போடற டிரில்லர் ஒருத்தர் வாராங்க. புது வண்டிய நீதான் பழக்கிக் குடுக்கோணும்," என்றார்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. பதினெட்டு வருஷம் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றிப் போர் போட்டவன். முதுகு போன பிறகு பட்டறையில் உட்கார்ந்துவிட்டேன். புது வண்டி தயாரானால் ஓட்டிப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. "இங்கிலீசுக்கு என்னங்க பண்றது?" என்றேன். "போன்ல பேசுனா அதுவே மாத்திச் சொல்லுதில்ல," என்றார். அது சரி! கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்துவதே காதில் விழாது. போனுக்கு மட்டும் என்ன விழும்?

வந்து இறங்கியது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. எங்கள் பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பெண் டிரில்லரை எங்களில் யார் கண்டது? அந்தம்மா யாரையும் கண்டுகொள்ளவில்லை. நேராக வண்டியிடம் போய், மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, லீவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தொட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது தொழில் தெரிந்த கை.

கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. துளையிடும் இரும்பு ராடு மாட்டச் சொல்ல வேண்டும். மாட்டுவதற்கு இங்கிலீசில் என்ன? தலைகீழாக நின்றாலும் வரவில்லை. "ராடு போடு" என்றுதானே நாங்கள் சொல்வோம்? போடுவதற்கு ‘புட்’ என்று மட்டும் எந்தக் காலத்திலோ வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. "புட் ராடு!" என்று கத்தினேன். அந்தம்மா ராடைப் போட்டார். அடேயப்பா! எனக்கு ரெக்கை முளைத்துவிட்டது.

அதற்கப்புறம் என்னை யார் பிடிப்பது? புட் ஆயில். புட் ஹெல்மெட். புட் கையெழுத்து. மத்தியானம் "புட் டீ?" என்று கேட்டேன், தலையாட்டினார். நானும் வெல்டிங் பையனும் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் என்ன என்று கேட்டபோது, "நோ நோ, டெய்லி புட் சண்டை," என்றேன். சண்டை என்பதைக் கையை ஆட்டிக் காட்டினேன். அந்தம்மா சிரித்த சிரிப்பில் டீ கிளாஸ் சாய்ந்தது. யோசித்துப் பார்த்தால் நாம் போடாதது என்ன இருக்கிறது? சட்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், கோலம் போடுகிறோம், தூக்கம்கூடப் போடுகிறோம். என் தொழிலே போர் போடுவது. எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லின் தலையில் ஏற்றி நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

அந்தம்மா சும்மா இருக்கவில்லை. அவர் பங்குக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வண்டி மேலிருக்கும் மாஸ்ட் கம்பத்தைத் தூக்கி நிறுத்தினால் புட் அப். இறக்கினால் புட் டவுன். ஸ்பேனரை எடுத்து வைத்தால் புட் அவே. வேலையை நாளைக்கு என்றால் புட் ஆஃப். எனக்குப் புல்லரித்துவிட்டது. நாமும் இதையேதான் செய்கிறோம்! தூக்கிப் போடு, கழட்டிப் போடு, தள்ளிப் போடு. நமக்கு முன்னால் வருவது அவர்களுக்குப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான். இதை எனக்கு அன்றைக்கே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் பாஸாகித் தொலைத்திருப்பேன்.

ஒருநாள் கம்ப்ரசர் நின்றிருந்த நேரத்தில் போனை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். அவர் ஊரில் பெண்கள் தண்ணீருக்காக நாள் முழுக்க நடப்பார்களாம். அவரும் சின்ன வயதில் நடந்தவராம். அப்புறம் ‘புட் அப் வித்’ என்று ஏதோ சொன்னார். போன் அதை "நாங்கள் பொறுத்துக்கொண்டோம்" என்றது. பொறுத்துக்கொள்வதற்கும் போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை. எனக்கு என் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவின் தோட்டம் ராசிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. மாமா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நாற்பது தென்னை, கொஞ்சம் மரவள்ளி, இரண்டு எருமை, எல்லாவற்றுக்கும் அக்கா ஒருத்தி. கிணறு வற்றிவிட்டது. இரண்டு போர் போட்டும் தண்ணீருக்குப் பதில் வெறும் புகைதான். அந்த இரண்டையும் இடம் பார்த்துப் போட்டவன் வேறு யாருமில்லை, நான்தான். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் கூடப் பிறந்தவளுக்கு மண்ணைக் கொடுத்தேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வருஷம் தென்னை ஓலையெல்லாம் தொங்கிப்போனதும், வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டாள். எருமையை விற்க ஆள் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாமான் ஏற்ற டெம்போவும் சொல்லியாயிற்று.

புது வண்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் எங்காவது ஒரு போர் போட்டுச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். முதலாளியிடம் போய் நின்றேன். "அக்கா தோட்டத்துல போட்டுக்கறனுங்க." அவர் ஒத்துக்கொண்டார். "அறுநூறு அடி. அதுக்கு மேல ஒரு அடி போகப்படாது. சாயங்காலம் வண்டி பெயிண்டுக்குத் திரும்போணும்," என்றார்.

புதன்கிழமை காலையில் வண்டி தோட்டத்துக்குள் நுழைந்தபோது அக்கா எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். "ஏண்டா தம்பி, போற நேரத்துல இது எதுக்குடா?" என்றாள். "சும்மா ஓட்டிப் பாக்கறதுக்குத்தான்க்கா," என்று புளுகினேன். அக்கா என் மூஞ்சியைப் பார்த்தாள். "நீ காட்டுன ரெண்டு எடமும் பாத்தாச்சு. இந்தவாட்டி நான் காட்டறேன்," என்று மாட்டுக்கொட்டகைக்கு வடக்கே போய்க் காலால் கோடு கிழித்தாள்.

எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தினோம். சொல்லாமலேயே அந்தம்மா பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். எங்களோடு வந்த ஹெல்பர் என் காதைக் கடித்தார். "ஏனுங்ணா, பொம்பள வண்டி ஏறுனா தண்ணி வருமுங்களா?" எனக்கு வந்ததே கோபம்! "ஆம்பள நான் ஏறி ரெண்டு போர் போட்டனே, வந்துச்சா? போய் ராட எடுய்யா!" என்று சீறினேன்.

அந்தம்மா லீவரைப் பிடித்தார். நூறு, இருநூறு என்று இறங்கியது. வெள்ளை வெளேரென்று கல்மாவு கிளம்பித் தென்னை, கொட்டகை, எருமை, எங்கள் புருவம் எல்லாவற்றிலும் படிந்தது. முந்நூறில் ஒன்றுமில்லை. நானூறில் ஒன்றுமில்லை. ஐந்நூறு தாண்டியதும் அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் ஒன்றரை மணிக்கு அறுநூறு அடி முடிந்தது. அப்போதும் மாவு காய்ந்துதான் வந்தது. மூன்றாவது தடவையும் நான் கொண்டுவந்த வண்டியாலேயே அக்காவுக்கு இல்லையென்று ஆகிவிட்டதே! நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன்.

அந்தம்மா நிறுத்தவில்லை. லீவரை என்னிடம் கொடுத்துவிட்டுக் குதித்து இறங்கி, குழியோரம் குவிந்திருந்த கல்தூளில் கையை விட்டு அளைந்தார். ஒரு சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் கருங்கல். மறுபக்கம் துரு ஏறியது போல மஞ்சள். எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. தண்ணீர் ஓடிய பாறைக்குத்தான் அந்த நிறம் வரும். பதினெட்டு வருஷம் தொழில் செய்தவன் நான். துக்கத்தில் கண் தெரியாமல் நின்றிருக்கிறேன்! "புட்," என்றார்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. முதலாளி. எடுத்தால் வேண்டாம் என்பார். எடுக்கவில்லை. "ராடு போடுங்கய்யா!" என்று கத்தினேன். அந்தம்மா மறுபடி ஏறி லீவரைப் பிடித்தார். அறுநூற்று இருபது. மறுபடி போன். இன்னொரு ராடு. அறுநூற்று நாற்பது. மாவு பறப்பது குறைந்து, ஈரம் ஏறி மண்ணாங்கட்டி போல உருண்டு உருண்டு விழுந்தது. அந்தம்மா என்னைப் பார்க்கவேயில்லை, அவர் காது முழுக்க, அடியில் பாறையை இடிக்கும் சுத்தியலின் சத்தத்தில் இருந்தது. மூன்றாவது ராடு பாதி இறங்கும்போது அந்தச் சத்தம் மாறியது. கீழே என்னவோ உடைந்தது. ராடு இறங்கி முடிவதற்குள், ஐயோ, என்னவென்று சொல்வேன், பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது!

"அக்கா! அக்கா!" என்று நான் கத்தியது ராசிபுரத்துக்கே கேட்டிருக்கும். அக்கா கையில் ஒரு குண்டாவோடு ஓடி வந்தாள். சேறும் தண்ணீருமாய்த் தலையில் கொட்டியது. குண்டாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் அந்தம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, "என் சாமி, என் சாமி," என்று அழுதாள். அந்தம்மாவும் அழுதார். நான் வண்டிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன்.

அப்புறம்தான் முதலாளியைக் கூப்பிட்டேன். "எத்தன அடி போட்ட?" என்றார். "அறுநூத்தி அறுவதுங்க." அவர் கத்துவதற்குள், "ரெண்டு இஞ்சு தண்ணிங்க, தோட்டத்துக்குத் தாராளம்," என்றேன். "அதைய மொதல்ல சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு!" என்று வைத்துவிட்டார்.

கை கால் கழுவிவிட்டு வந்தோம். வீட்டுக்குள் பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியிருந்தது. அக்கா ஒரு மூட்டையை அவிழ்த்துத் தட்டுகளை எடுத்தாள். "வந்து உக்காரு சாமி, சோறு போடறேன்," என்றாள். இதை இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அந்தம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது அக்காவின் போன் அடித்தது. டெம்போக்காரர். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"வர வேண்டாங்க," என்றாள். "ஊட்டுல ஆளு இருக்குது."