பார்க்காமல் போட்ட ஓகே

ஊரடங்கு வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். இருவருக்கும் ஒசூரில் வேலை, வேறு வேறு கம்பெனி. எனக்குப் பகல் ஷிப்ட் என்றால் அவருக்கு ராத்திரி. வாசலில் சாவியை மாற்றிக்கொள்வதே எங்கள் குடித்தனம். திடீரென்று ஒரே அறையில், நாள் முழுக்க, இரண்டு பேரும்.

உங்களுக்கென்ன, தேனிலவுதான் என்று தோழிகள் ஃபோனில் கேலி செய்தார்கள். சிரித்துவைத்தேன். ஒவ்வொரு முறை சேரும்போதும் எனக்கு வலித்தது. பிறகு சிறுநீர் கழித்தால் எரிந்தது. அவர் "ஓகேயா?" என்பார். நான் "ஓகே" என்பேன். சுகம் என்கிறார்களே, அது வரவேயில்லை. எல்லாருக்கும் இப்படித்தானா, எனக்கு மட்டுமா என்று யாரிடம் கேட்பது?

நான் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கட்டம் போடாமல் எனக்கு யோசனை ஓடாது. காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு கட்டம் போட்டேன்: தேதி, வலி, எரிச்சல், எனக்குப் பிடித்திருந்ததா. லைனில் தேறிய பீசுக்கு ஓகே, தேறாததற்கு என்ஜி. அதையே இங்கும் எழுதினேன். இரண்டு வாரத்தில் கடைசிக் கட்டத்தில் ஓர் ஓகேகூட இல்லை. தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன்.

ஒருநாள் மதியம் துணி காயப்போடுவதாகச் சொல்லி மாடிக்குப் போய், தெருமுனை க்ளினிக் டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். நிறையத் தண்ணீர் குடிக்கவும், சிறுநீர் பரிசோதனை செய்யவும், சரியாகும்வரை சேராமல் இருக்கவும் சொன்னார். வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

கீழ்வீட்டுக் கன்னடக்கார அக்கா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"சொல்லிடு. நான் பதினஞ்சு வருஷமா சொல்லல, தூங்குற மாதிரி படுத்துக்குவேன். எங்க வீட்டுக்காரரு என்னைத் தூங்குமூஞ்சின்னே நெனச்சிட்டிருக்காரு."

இறங்கி வந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை என் வீட்டுக்காரர் மூன்றாவது முறையாகக் கழற்றி வைத்திருந்தார். நான் அலமாரியைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். பிறகு தாளை எடுத்து ஸ்க்ரூக்களுக்கு நடுவில் வைத்தேன்.

மெஷின் ரிப்போர்ட் படிப்பதுபோல் கோடு கோடாக விரல் வைத்துப் படித்தார்.

"கேட்டப்பல்லாம் ஓகேன்னியே."

"பாக்காம போட்ட ஓகேங்க அது."

அளக்காமல் ஓகே போடுவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் வேலையில் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

"ஒரு பீஸ் சரியில்லன்னா லைனையே நிறுத்துறவ நீ. இங்க ஏன் நிறுத்தல?"

கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. புதுப்பெண், என்ன நினைப்பீர்களோ என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை.

அன்றே முகக்கவசம் மாட்டிக்கொண்டு என்னை லேபுக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரைக்கு அவரே மெடிக்கல் முன்னால் சுண்ணாம்பு வட்டத்தில் நின்றார். பத்து நாள் தனித்தனிப் பாயில் படுத்தோம். எரிச்சல் போய்விட்டது. பயம் போகவில்லை. ஒரே அறையில் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தோம்.

மறுபடி நெருங்கியபோது அவர் ஓகேயா என்று கேட்கவில்லை.

"எப்படி இருந்தா உனக்குப் பிடிக்கும்?"

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை, வார்த்தையும் இல்லை. தேடிக்கொண்டிருந்தேன். அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.