சைவக் கடையில் ஒரு ஆம்லெட் பஞ்சாயத்து

சைவச் சாப்பாட்டுக் கடை சப்ளையருக்குப் பரிமாறுவது பாதி வேலைதான். மீதி வேலை "இல்லை" என்று சொல்வது. என்னைப் போல இலையும் போட்டு, ஏச்சும் வாங்கி நிற்கிற கூட்டாளிகளே, உங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

எங்கள் கடை கூடலூரில், குமுளிக்குப் போகிற ரோட்டோரம். போன கார்த்திகைக்கு முன்னாடி முதலாளி ஒரு முடிவு சொன்னார். சபரிமலை சீசன் முடிந்து தை பிறந்த பிறகும் கூட்டம் நிலைக்கவில்லை என்றால் ஆம்லெட் போட்டுவிடுவோம் என்றார். இருபது வருஷமாக என்னோடு இருக்கிற, சமையல் பார்க்கிற சரக்கு மாஸ்டர், முட்டை உள்ளே வந்தால் நான் ஊருக்குப் போயிருவேன் என்று அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். அவர் ரசம் போனால் எங்கள் கடையில் வேறு என்ன இருக்கு?

சாறு மட்டும் போதும்

வாசலில் சுத்த சைவம் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதித்தான் வைத்திருக்கிறோம். அதற்கு நேர் கீழே ஜீப்பை நிறுத்தி இறங்கினார் குமுளிப் பக்கத்து மலையாளி ஒருவர். கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வைத்தாயிற்று. மனுஷன் சோற்றில் குழி பறித்துவிட்டு மீன் குழம்பு கேட்டார். இது சைவக் கடை, மீனெல்லாம் கிடையாது என்றேன். என் கஷ்டம் புரிந்தவர் மாதிரி தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "மீன் வேண்டா சேட்டா, சாறு மதி."

பெண் பார்க்க வந்தாக

அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்த்துவிட்டு வந்தாக. வெள்ளிக்கிழமை, அதனால் சைவம். எல்லாரும் பெண்ணைப் பற்றிப் பேச, மாப்பிள்ளையின் தாய்மாமா மட்டும் வாயே திறக்கவில்லை. என்னடா இவ்வளவு அடக்கமான மனுஷன் என்று சாம்பார் வாளியோடு பக்கத்தில் போனால், மடியில் கோழி வறுவல் பொட்டலம். அய்யா, இது சைவக் கடை என்றேன் மெதுவாக. மனுஷன் கொஞ்சமும் கூசவில்லை.

"கடைதானப்பா சைவம்? நான் என்னைக்கு அப்படிச் சொன்னேன்?"

சாமிகளின் மாசம்

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் பாதி ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். அப்புறம் எல்லாரும் சாமிதான், எல்லாச் சாமியும் எங்கள் கடையில்தான். காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டக்காரச் சாமி ஒருத்தருக்குத் தினமும் மீல்மேக்கர் குழம்பு வேண்டும். ஒருநாள் கண்ணை மூடி மென்றுகொண்டே இருந்தார். நல்லாருக்கா சாமி என்று கேட்டது என் தப்பு. "வாசமெல்லாம் சரியாத்தான் இருக்கு சாமி, கடிக்க ஒரு எலும்புதான் இல்ல."

எதிர்க்கடை அண்ணே

தை பிறந்தது. மாலையைக் கழற்றியவர்கள் எங்களையும் கழற்றிவிட்டார்கள். பத்து மேஜையில் எட்டு காலி. முதலாளி ஆம்லெட் கல்லே வாங்கி வந்துவிட்டார். மாஸ்டர் தன் துணிமணியைப் பையில் அடுக்கினார். நானும் முதலாளியிடம் போய், முட்டை வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அந்த மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தவர் எதிரில் இருக்கிற பிரியாணிக் கடைக்காரர். விரதத்துக்காக வரப்போக இருந்தவர், மலைக்குப் போய்த் திரும்பியும் வருவதை நிறுத்தவில்லை. முதலாளி அவரிடமே போய், முட்டை எங்கன அண்ணே வாங்குறீக என்று விசாரித்தார். அண்ணே பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"விடிஞ்சா அடைஞ்சா கறி வாசத்துல நிக்கிறேன்யா. ஒரு நேரமாச்சும் ரசஞ்சோறு நிம்மதியாத் திங்கலாம்னு இங்கன வாறேன். நீயும் முட்டையை ஒடச்சா நான் எங்கன போறது?"

முதலாளி நேரே அடுப்படிக்குப் போய், மாஸ்டர் பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டினார்.

சைவத்துக்காக இருபது வருஷம் தொண்டை வறளப் பேசின என்னை விட்டுவிட்டு, முதலாளி கடைசியில் கேட்டது பிரியாணிக் கடைக்காரர் பேச்சைத்தான்.