தண்ணிதான் ஆடுது

குண்டு பல்பின் சூட்டில் தெர்மாகோல் இளகும்போது ஒரு வாசனை வரும். கருகின பிளாஸ்டிக்கும் ஈரத் துணியும் கொஞ்சம் கோழிக்கூண்டும் கலந்த வாசனை அது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை என்றால் முதலில் என் மூக்குக்கு வருவது அதுதான். மைசூர் விஜயநகரில் எங்கள் வாடகை வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில், காற்றடிக்காத மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. சின்ன வயதை நினைத்தால் மனம் கனிகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு அந்தப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

மூலை வீட்டில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கன்னடத் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாளை நாங்கள் 'ஆன்ட்டி' என்போம். அவர்கள் மொட்டைமாடியில் வலைக்கூண்டு கட்டி, சில்வர் ஃபெசன்ட் என்ற சீமைப் பறவைகளை வளர்த்தார்கள். சேவலுக்கு முதுகும் நீண்ட வாலும் வெள்ளை, வயிறு கறுப்பு, முகம் மட்டும் குங்குமம் அப்பினாற்போலச் சிவப்பு. எங்கள் வீட்டில் அதற்கு 'பெசண்டு' என்று பேர். கூண்டிலேயே வளர்ந்த பெட்டைகள் முட்டை இடுமே தவிர, அடையில் உட்காராது. ஒருநாள் ஆன்ட்டி ஆறு முட்டைகளைப் பஞ்சு விரித்த தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்தார். பொரித்துத் தந்தால் அதில் ஒரு ஜோடி அம்மாவுக்கே என்று பேச்சு. "கோளி தரா அல்ல, ஜாஸ்தி தின பேக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார். கோழி மாதிரி இருபத்தொரு நாளில் வந்துவிடாது, இருபத்தைந்து, இருபத்தாறு கூட ஆகும் என்று விரல்விட்டு எண்ணியும் காட்டினார்.

அம்மா கோபிநத்தத்துக்காரி. கல்யாணமாகி ஹனூருக்குப் போய், அப்பாவின் உத்தியோகத்தோடு மைசூருக்கு வந்தவள். அந்த வீட்டில் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பதைக்கூட அவளைக் கேட்டு யாரும் முடிவு செய்ததில்லை. அவளாக ஆசைப்பட்டு, அவளாகக் கையில் எடுத்த ஒரே காரியம் இதுதான். மீன் கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டி வாங்கிக் கழுவிக் காயவைத்து, பல்பு மாட்டி, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, ஆன்ட்டியிடம் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரைச் செருகினாள். அந்தப் பெட்டிக்கு 'அடைக்கோழி' என்று பேர் வைத்தாள். முட்டைகளில் பென்சிலால் ஒரு பக்கம் குறி போட்டு, காலை மதியம் மாலை என்று தவறாமல் புரட்டிவிட்டாள். கரண்டு போனால் "அடைக்கோழி மேயப் போயிருச்சு கண்ணு, ஓடியா" என்பாள். வெந்நீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் நாங்கள் அண்டக் கொடுப்போம். மொட்டைமாடியில் எங்கள் கூண்டு வரப்போகும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள், துணி காயப்போடும்போதுகூட அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றித்தான் போவாள்.

இந்தச் சமயத்தில்தான் கண் பரிசோதனைக்கென்று ஹனூரிலிருந்து பெரியப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் அண்ணன். அவர் உட்கார் என்றால் அப்பா உட்காருவார். ஊரில் அவர்கள் வீட்டில் எப்போதும் கோழிகள் உண்டு, ஆனால் அடைக்கு வைப்பதும் கூடை கவிழ்ப்பதும் பருந்து விரட்டுவதும் எல்லாம் பெரியம்மாதான். பெரியப்பா கோழியைக் கிட்டத்தில் பார்த்தது குழம்புச் சட்டியில்தான். ஆனாலும் கோழியைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் பெரியம்மாவே பேசாமல் இருக்க வேண்டும். 'கூமுட்டை' என்பது அவர் வாயில் எந்நேரமும் புழங்கும் சொல். கணக்கில் தப்புச் செய்தால் எனக்கும் அதுதான் பேர்.

இருபத்துநான்காம் நாள் காலை அம்மா ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. என் காதிலும் வைத்தாள். உள்ளே இருந்து 'கீச்' என்று, ஊசிமுனை அளவு ஒரு சத்தம். அவள் சந்தோஷம் தாங்காமல் அதைப் பெரியப்பாவிடமே போய்ச் சொன்னாள், "மாமா, உள்ள சத்தம் கேக்குதுங்" என்று. அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அப்பாவிடம் திரும்பி, "ஏண்டா, உம் பொண்டாட்டிகிட்ட முட்டை பேசுதாமாடா?" என்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"இருபத்தொண்ணு தாண்டுனா அது கூமுட்டைதான். தண்ணி கொண்டாரச் சொல்லு, காட்டறேன்" என்றார். அம்மா பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். பின்கட்டில் தரை சரிவு, பக்கெட் நிலைகொள்ளாமல் ஆடியது. "புடிச்சுக்கோ" என்றார். அம்மா குனிந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இல்லீங் மாமா, இன்னும் ரெண்டு நாள் மட்டும் போகட்டுங்" என்றாள். அவர் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். ஆறும் மிதந்தன. "பாத்தியா, மெதக்குது. கூமுட்டைதான் மெதக்கும்" என்றார். குஞ்சு வளர வளர முட்டைக்குள் காற்றறை பெரிதாகும், ஒழுங்காக அடைகாத்த முட்டை கடைசி நாட்களில் மிதக்கத்தான் செய்யும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, ஆனால் கண் தெரிந்தது. ஒரு முட்டை தன்னால் துள்ளியது. "பெரியப்பா, ஆடுது" என்றேன்.

"போ அம்மிணி, தண்ணிதான் ஆடுது" என்றார்.

அப்பா "சரிங்ண்ணா" என்று முட்டைகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டுபோய் எதிரே வீடு கட்டாமல் கிடந்த காலி சைட்டில் வீசினார். காக்கைகள் வந்துவிட்டன. அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். கல்லில் பட்டு உடைந்த ஓட்டுக்குள் முழுக் குஞ்சு ஒன்று ஈர மயிரோடு அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அம்மா அதை முந்தானையில் ஏந்தி வந்து பல்புக்கு அடியில் வைத்தாள். சமையல் முடிவதற்குள் அது அடங்கிவிட்டது. மற்றவற்றைக் காக்கைகள் விட்டுவைக்கவில்லை. "நாலஞ்சு முட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டுக்கொண்டே பெரியப்பா சாப்பிட உட்கார்ந்து, இரண்டாவது முறை சோறு கேட்டார். அம்மா போட்டாள். சாக்பீஸ் கோடு முதல் மழை வரைக்கும் மாடியில் இருந்தது.

இந்தக் கட்டுரையில்கூட அவரை 'வந்தார்', 'சொன்னார்' என்றும், அம்மாவை 'வந்தாள்', 'சொன்னாள்' என்றும்தான் எழுதியிருக்கிறேன். திருத்தலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. அப்படி வளர்த்துவிட்டார்கள். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

இப்போது மூலை வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு. காலி சைட்டில் கார்கள் நிற்கின்றன. ஃபெசன்ட் சேவல் கூவின தெருவில் வண்டிகளின் ஹாரன் தவிர ஒன்றும் கேட்பதில்லை. கடையில் குண்டு பல்பு கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள், இன்றைய பல்புகளில் முட்டை பொரிக்கும் அளவுக்குச் சூடும் இல்லை. எல்லாம் போய்விட்டது, பெரியப்பாவின் கதை மட்டும் போகவில்லை. போன மாதம் ஹனூரில் ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். சின்னவன் பொண்டாட்டி லைட்டுப் போட்டுக் கூமுட்டையை அடைகாத்த கதை. பந்தலே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளிடம்தான் எரிந்து விழுந்தேன். "உனக்கு ரோசமே இல்லையாம்மா? தண்ணிதான் ஆடுச்சுன்னு அந்தாளு இன்னைக்கும் சொல்றாரு, நீயும் கூடச் சேந்து சிரிக்கிற" என்றேன். அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தண்ணி எங்க கண்ணு ஆடுச்சு? நாந்தானே பக்கெட்டப் புடிச்சிருந்தேன். ஆடக்கூடாதுன்னு மூச்சக்கூட அடக்கிட்டுல்ல புடிச்சிருந்தேன்."