ஆடு பார்த்த இரண்டு வருஷம்

நர்சிங் படித்த பெண் வேலைக்குப் போகாமல் இரண்டு வருஷம் இருந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும். மாரிசெல்வி வீட்டிலும் இருக்கவில்லை, காட்டில் இருந்தாள். அப்பா கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கரிசல் காட்டில் மேய்ந்த அவர் ஆடுகளுக்கு வேறு ஆள் இல்லை. மாரிசெல்வி கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் எழுந்து நடக்க அத்தனை காலம் ஆனது.

2001-இல் கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இதை விட்டால் படித்த படிப்பு மறந்தே போகும் என்று அவளுக்குப் பயம். அம்மா ஆவுடைத்தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். அதே வேலைக்கு வந்திருந்த, கூடப் படித்த பானு வாசலில் வைத்தே ஓதினாள்.

"அந்த ரெண்டு வருசம் என்ன செஞ்சேன்னு கண்டிப்பா கேப்பாவ. கம்ப்யூட்டர் படிச்சேன்னு சொல்லிரு. ஆடு கீடுன்னு வாயத் திறந்திராதட்டி."

உள்ளே பெரிய டாக்டர் இங்கிலீஷில்தான் கேட்டார். கேட்டதும் அதைத்தான். பொய் தொண்டை வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"ஐ லுக்டு கோட்ஸ், சார்."

அவள்மேல் என்ன தப்பு? நம் ஊரில் ஆடு பார்க்கலாம், வேலை பார்க்கலாம், மாப்பிள்ளை பார்க்கலாம், வைத்தியமும் பார்க்கலாம். 'பார்' என்கிற ஒரே சொல் அத்தனைக்கும் பாடுபடுகிறது. இங்கிலீஷ்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 'லுக்' மட்டும் அவனுக்குப் போதாது, அதன் வாலில் இன்னொரு சொல்லைக் கட்டியாக வேண்டும். கட்டுகிற சொல்லுக்குத் தக்கபடி அர்த்தமும் மாறும்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ரெண்டு வருஷமும் ஆட்டையே பார்த்துக்கிட்டு நின்னீங்களாம்மா? லுக் அட்டா, லுக் ஃபாரா?"

வெட்கத்தில் அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் தனக்கு இங்கிலீஷும் வரும் என்று அன்றைக்குத்தான் மாரிசெல்விக்கே தெரிந்தது.

"டே டைம் லுக் அட், சார். ஈவினிங் ஒன் கோட் மிஸ்ஸிங், லுக் ஃபார்." அதோடு இங்கிலீஷ் தீர்ந்துபோனது. மிச்சத்தை ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். "குட்டி ஈனுனாலும், கால்ல முள்ளு ஏறுனாலும், வயிறு ஊதுனாலும் ராவும் பகலும் நாந்தான் சார் பக்கத்துல இருந்தேன். அதுக்குப் பேரு லுக் ஆஃப்டர்."

டாக்டர் சிரிப்பை நிறுத்தி அவளை நன்றாகப் பார்த்தார். "இங்கயும் அதே மூணு வேலைதாம்மா. ஒண்ணாம் தேதி வந்து சேந்திருங்க."

வெளியே வந்ததும் ஆவுடைத்தாய் ஓடிவந்தாள்.

"என்னட்டி கேட்டாவ?"

"ரெண்டு வருசம் என்ன செஞ்சேன்னு கேட்டாவ. ஆடு பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"அடி பாவி மவளே, காரியத்தக் கெடுத்தியே!"

"வேலை கெடச்சிருச்சும்மா. அதச் சொன்னதுக்குத்தான்."

படித்த பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டோமே என்று அந்த இரண்டு வருஷமும் ஆவுடைத்தாய்க்கு மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. இருவரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார். ஆவுடைத்தாய் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி இதைச் சொன்னாள்:

"எம்மவளுக்கு நர்சு வேலை கெடச்சிருக்கு அண்ணாச்சி. ஆடு பாத்த பிள்ளை!"