மீட்டரைப் பார்க்க ஓர் ஆள்

மனைவி காலமான பிறகு தாம்பரம் வீட்டில் நான் தனி. என் பழைய ஜீப்பின் டயருக்குக் கைப்பம்பால் காற்றடிக்க எதிர்வீட்டு அருளப்பன்தான் துணைக்கு வருவார். அவரை எத்தனை நாள் தொந்தரவு செய்வது என்று, என்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸரையும் காற்று டாங்கியையும் ஜீப்பிலேயே பொருத்தினேன். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து காற்றை வெளியேற்றும் சேஃப்டி வால்வு கிடைக்கவில்லை. டாங்கியின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் என்ஜினை ஓடவிட்டு, ஜீப்புக்கு அடியில் படுத்துக் காற்றுக் கசிவைத் தேடியதில் மீட்டரை மறந்தேன்.

“சார், முள்ளு கடைசிக்குப் போய்கினு கீது!” என்று கத்தியபடி ஓடிவந்து என்ஜினை நிறுத்தியவர் அருளப்பன். டாங்கி வெடித்திருந்தால் நான் இல்லை.

“ஒரு மாசமா கூப்பிடவே இல்லியே, இன்னா ஆச்சோன்னு பாக்க வந்தேன் சார்” என்றார்.

இப்போது வால்வு இருக்கிறது. ஆனாலும் அவரை மீட்டர் பக்கத்தில் நிற்கவைத்த பிறகே என்ஜினைக் கிளப்புகிறேன். வால்வு இருப்பது அவருக்கும் தெரியும், இருந்தும் கூப்பிட்டதும் வந்து முள்ளைப் பார்த்தபடி நிற்கிறார்.